வெளிக்கதவு

நவம்பர் 14, வியாழன்

கதவுக்கு அளவு எடுத்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவனுக்கு ஒரு கதவைத் தாளில் போடுவது பெரிய வேலையா? ஆனாலும் மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு நான்காவதுதான் மனசுக்குப் பிடித்தது. இப்போது இருக்கிற மரக்கதவு அப்படியே இருக்கும். அதற்கு வெளியே, சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, கனத்த தகட்டில் இன்னொரு கதவு. நிலையைவிட நாலு பக்கமும் அகலம் கூடுதல். வெளிப்பக்கமாகத் திறக்கும். காற்று நேராக அடித்தால் சட்டத்தோடு இன்னும் இறுகிக்கொள்ளும்.

ஆறு வருடத்துக்கு முன் வந்த புயலில் முன்கதவு பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அது விழுந்ததும் காற்று வீட்டுக்குள் புகுந்து ஓட்டுக் கூரையைத் தூக்கிவிட்டது. இந்த ஊரில் அன்றைக்குக் கூரை போன வீடெல்லாம் முதலில் கதவு போன வீடுதான். இந்த வருடம் ஐப்பசியிலேயே கடல் ஒரு மாதிரியாக இருக்கிறது.

வீட்டையும் எழுதிவிடுகிறேன். அப்பா கட்டியது. கிழக்கே பார்த்த வாசல். போன வருடம் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கினோம். தெற்குப் பாதி எனக்கும் என் பெண்டாட்டி நாயகிக்கும். வடக்குப் பாதி என் தம்பி சோமுவுக்கும் அவன் பெண்டாட்டி பவளத்துக்கும். முன்னால் ஜன்னல் இருந்த இடத்தை இடித்து அவன் தனக்கு ஒரு வாசல் வைத்துக்கொண்டான். இரண்டு வாசலும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு முழச் சுவர். நான் என் பாதிக்குத் தளம் போட்டுவிட்டேன். அவன் பாதி இன்னும் ஓடுதான்.

சுவர் எழுப்பிய கொத்தனார் கயிறு பிடித்தபோது அது என் பக்கம் நாலு விரற்கடை தள்ளி விழுந்தது. நான் சொன்னேன். சோமு, "கயிறு பிடிச்சது நான் இல்லண்ணே" என்றான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. நாலு விரற்கடை சின்ன விஷயம் என்று சொல்கிறவர்கள் யாரும் ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

வெல்டிங் பட்டறை ஆரோக்கியம் வந்து படத்தைப் பார்த்தான். சின்ன வயதில் என்னிடம் படித்தவன், இப்போதும் சார் என்றுதான் கூப்பிடுகிறான். கீல் எந்தப் பக்கம் வைக்க என்று கேட்டான். படத்தில் அதைக் குறிக்க மறந்திருக்கிறேன். வடக்குப் பக்கம் என்றேன்.

தெற்குப் பக்கம் வைத்தால் கதவைத் திறக்கும்போது என் வண்டி நிற்கிற இடத்தில் இடிக்கும். காரணம் அதுதான்.

சாப்பிடும்போது நாயகி கேட்டாள், "வடக்கால திறந்தா கதவு போயி அவங்க வாசல்லல்ல ஒட்டிக்கும்?" கதவு என்பது சாத்துவதற்கு, திறந்து வைக்க எதற்குக் கதவு என்றேன். அவள் வண்டியை எடுத்து வேப்பமரத்தடியில் போட்டால் என்ன என்றாள். வேப்பமரத்தடியில் காக்கை எச்சம் போடும் என்றேன். அவள் சோற்றில் மோர் ஊற்றினாள்.

நவம்பர் 17, ஞாயிறு

மைத்துனர் வந்திருந்தார். தலைவாசல் கதவு வெளியே திறந்தால் வருகிற லட்சுமியைத் தள்ளிவிடுவது போல ஆகும் என்று ஒரு மணி நேரம் பேசினார். உள்கதவு உள்ளேதான் திறக்கிறது, லட்சுமி அது வழியாக வரட்டும், புயல் வெளிக்கதவோடு நிற்கட்டும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வடை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

நவம்பர் 18, திங்கள்

மத்தியானம் கொடுவா மீன் குழம்பு. நான் மீன் வாங்கவில்லை. தெருவில் கூடைக்காரி வந்தாள் என்றாள் நாயகி. குழம்பில் மாங்காய் போட்டிருந்தது. இருபத்தெட்டு வருடமாக இவள் மீன் குழம்பில் மாங்காய் போட்டதில்லை. நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

டீக்கடையில் கேள்விப்பட்டேன், சோமு லோடு ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டானாம். நாலு நாளாகிறது. தொடை வரை மாவுக்கட்டு. எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், போய்ப் பார்க்கவில்லையா வாத்தியாரே என்றார். என் சதை எதுவும் ஆடவில்லை. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாயகியிடம் சொன்னேன். அவள் அப்படியா என்று கேட்டாள். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. பொம்பளைகளுக்கு நெஞ்சு கல்தான்.

நவம்பர் 20, புதன்

காப்பி வந்த டம்ளரில் 'ப. சோ.' என்று பெயர் வெட்டியிருந்தது. பவளத்தின் கல்யாணச் சீர் டம்ளர். பாகம் பிரித்தபோது பாத்திரம் கலந்து வந்திருக்கும். அவர்கள் பொருள் நமக்கு எதற்கு, வாசலில் கொண்டுபோய் வை என்றேன். வைக்கிறேன் என்றாள்.

நவம்பர் 22, வெள்ளி

வங்கக் கடலில் காற்றழுத்தம். ரேடியோவில் மூன்று முறை சொல்லிவிட்டார்கள். ஆரோக்கியத்துக்குப் போன் போட்டேன். நாளை மாட்டிவிடலாம் என்றான்.

நவம்பர் 23, சனி

கதவு வந்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். சுவரைத் துளைத்துச் சட்டத்தை நிறுத்தி, சிமெண்ட் வைத்து அடைத்து, நீர்மட்டம் பார்த்து, கீலில் மாட்ட மதியம் ஆகிவிட்டது. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒன்று, இரண்டும் கட்டைவிரல் கனம். சாத்தினால் உள்ளே இருட்டு. வெளியே லாரி போகிற சத்தம்கூட அடுத்த தெருவில் கேட்பது போலத்தான் கேட்டது. நான் வரைந்த எதுவும் இவ்வளவு சரியாக வந்ததில்லை.

திறந்து பார்க்க வேண்டுமே என்று முழுக்கத் தள்ளினேன். கதவு அரை வட்டம் போட்டுப் போய் சோமு வாசலில் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பவளம் குடத்தோடு வெளியே வந்திருக்க வேண்டும். உள்ளேயிருந்து தகட்டில் குடம் இடித்த சத்தம் கேட்டது. ஆரோக்கியம் என் முகத்தைப் பார்த்தான். நான் கீலில் எண்ணெய் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவை இழுத்துச் சாத்தினேன்.

கதவு பாதிக்கு மேல் போகாமல் தரையில் ஒரு தடுப்பு வைத்துவிடட்டுமா, பத்து நிமிட வேலைதான் என்று ஆரோக்கியம் கேட்டான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். தரையில் தடுப்பு இருந்தால் கால் தடுக்கும்.

நவம்பர் 25, திங்கள்

புயல் என்று அறிவித்துவிட்டார்கள். புதன்கிழமை காலை நம் பக்கம் கரை கடக்கும் என்கிறார்கள். மெழுகுவர்த்தி, ரொட்டி, மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கி வைத்தேன். தண்ணீர் வந்தால் அரிசி நனையக்கூடாது என்று அடுப்படியில் இருந்த அரிசி டிரம்மை நகர்த்தி மேடையில் ஏற்றப் போனேன். நானே செய்கிறேன் என்று நாயகி குறுக்கே வந்து நின்றாள். இவ்வளவு கனத்தை நீ எப்படித் தூக்குவாய் என்று நகர்த்திவிட்டேன்.

டிரம்முக்குப் பின்னால் சுவரில் ஓட்டை.

எலி போட்ட ஓட்டை இல்லை. நாலு செங்கல் எடுத்து, ஓரத்தைக் கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருக்கிறது. ஒரு குழம்புச் சட்டி தாராளமாகப் போய் வரலாம். அந்தப் பக்கம் பழைய புடவைத் துண்டு ஒன்று திரை. திரை விலகியது. ஒரு கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, "அக்கா, ரசம் கொஞ்சம்..." என்றது பவளத்தின் குரல். என் கையைப் பார்த்ததும் கிண்ணம் உள்ளே போய்விட்டது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். சுவர் கட்டின மறு மாசத்திலிருந்து என்றாள் நாயகி, கண்ணை ஒரு தடவைகூடத் தாழ்த்தவில்லை. மாங்காய், டம்ளர், எல்லாம் அப்போதுதான் விளங்கியது. ஒன்றரை வருடமாக என் வீட்டுச் சுவருக்குள் எனக்குத் தெரியாமல் ஒரு குடித்தனம் நடந்திருக்கிறது. தெருவே சிரித்திருக்கும். நான்தான் நேர்கோடு, விரற்கடை என்று பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

கதவு வேலையில் மிஞ்சிய சிமெண்ட் இருந்தது. கொல்லையில் செங்கல் இருந்தது. உட்கார்ந்து அடைத்தேன். கலவையைக் கொஞ்சம் பலமாகவே போட்டேன். முடிந்த பிறகு கரண்டியால் இழுத்துச் சமமாக்கி, பக்கத்துச் சுவரோடு வித்தியாசம் தெரியாமல் பூசினேன்.

நாயகி அடுப்படி வாசலில் நின்று முழுக்கப் பார்த்தாள். கடைசியில் ஒன்றுதான் சொன்னாள்.

"கால் ஒடிஞ்சு கிடக்கிற வீட்டுக்கு இது ஒரு வழிதான் இருந்துச்சு. அதையும் அடைச்சுட்டீங்க. நல்லா இருங்க."

அவர்களுக்கு வாசல் இல்லையா என்று கேட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். காற்று இல்லை. இலை அசையவில்லை. இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தெருவில் பாதிப் பேர் பள்ளிக்கூட முகாமுக்குப் போய்விட்டார்கள். கிராம உதவியாளர் வந்தார். சோமு வீட்டிலும் கூப்பிட்டாராம், காலோடு பெஞ்சில் கிடக்க முடியாது, வரவில்லை என்றுவிட்டானாம். அவர் என்னிடம், "உங்க வீடு தளம்தானே சார், இன்னிக்கு ஒரு ராத்திரிக்குத் தம்பியை இங்க வச்சுக்கலாமே?" என்றார். அவன் கேட்டால் வரட்டும், நான் வேண்டாம் என்றா சொன்னேன் என்றேன். அவர் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, அண்ணன் கூப்பிட்டால் வருகிறேன் என்கிறான் சார் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவருக்கு இன்னும் நாற்பது வீடு பார்க்க வேண்டியிருந்தது. போய்விட்டார்.

நான் பெரியவன். நான் போய்க் கூப்பிடுவதா?

இரவு சோறும் ஊறுகாயும்தான். நாயகி சாப்பிடவில்லை. அடுப்படியில் அந்தச் சுவரோரமாகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 27, புதன், காலை

விடியும்போதே பிடித்துக்கொண்டது. வாடைக் காற்று, வடக்கிலிருந்து. கரண்ட் போய்விட்டது. கதவு நின்ற இடத்தில் நிற்கிறது, துளி தண்ணீர் உள்ளே வரவில்லை. வடக்கே சோமு வீட்டுச் சுவர் மறைப்பு வேறு. என் கணக்கு சரி.

பின்பக்கம் ஏதோ பெரிய சத்தம். தென்னை என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் இல்லை.

சோமு வீட்டு ஓடு போகிறது. ஒவ்வொன்றாகப் போகிற சத்தம் கேட்கிறது. நாயகி சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேசுகிறார்கள், பேச்சுக் கேட்கிறது என்கிறாள்.

மேல் தாழ்ப்பாள் ஆடி ஆடிக் கழன்று விழுந்துவிட்டது. கீழ்த் தாழ்ப்பாள் போதும்.

காற்று நின்றுவிட்டது. ஒரு நொடியில் நின்றுவிட்டது. வெயில்கூட அடிக்கிறது. வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நவம்பர் 29, வெள்ளி

விரல் மூன்றில் கட்டு. பென்சில் பிடிக்க வருகிறது.

புயலின் கண் நம் தலைக்கு மேலே வரும்போது காற்று நிற்கும், அது ஏமாற்று, பிறகு தெற்கிலிருந்து சோழகக் காற்று திருப்பி அடிக்கும் என்று கடற்கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெளியே வந்து பார்த்தேன். தெருவில் கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. சோமு வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லை, ரீப்பர் கட்டைகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. பின்னால் அவன் கொல்லைக் கதவின் மேல் தென்னை குறுக்கே கிடந்தது.

அவன் வாசல் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நாயகி உள்ளேயிருந்து, "கூப்பிடுங்க, இப்பவே கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட வாய் திறந்தேன். ஒன்றரை வருடம் பேசாத வாய்க்கு முதல் வார்த்தை எதுவென்று தெரியவில்லை. சோமு என்பதா, வா என்பதா, கால் எப்படி இருக்கிறது என்பதா? கடைசியில் பலமாக இருமினேன். உள்ளேயிருந்து அவனும் இருமினான். உயிரோடு இருக்கிறான், போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் வெளியே வர வேண்டும் என்றால் அவனே வரட்டும் என்றும் நினைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

உள்ளே வந்து கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டேன். காற்று தெற்கிலிருந்து திரும்பியது.

காலையில் அடித்தது எதுவும் இல்லை என்று ஆக்கிவிட்டது. கதவு நடுங்கவில்லை, முனகியது. தெற்குப் பக்கச் சந்தில் காற்று விரலை நுழைத்து நெம்பியது. நான் காற்று நேரே வரும் என்றுதான் வரைந்திருந்தேன், பக்கவாட்டில் வரும் என்று வரையவில்லை. தாழ்ப்பாள் பிய்ந்த சத்தம் வெடி போட்ட மாதிரி இருந்தது. கதவு அரை வட்டம் போட்டது. சோமு வாசலில் போய் அடித்து உட்கார்ந்தது. நானும் நாயகியும் மரக்கதவைச் சாத்தி, கட்டிலை இழுத்து முட்டுக்கொடுத்தோம்.

அப்போது அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பவளம் கத்தினாள்.

"அக்கா, வாசல் திறக்கல அக்கா. எதோ வந்து மூடிக்கிச்சு. மேல கட்டையெல்லாம் விழுது. இவரைத் தூக்க முடியல."

எதோ வந்து மூடிக்கொண்டது என்றாள். நாயகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கட்டிலைத் தள்ளிவிட்டு வெளியே போனேன். நிற்க முடியவில்லை. படியில் தவழ்ந்து, கதவின் விளிம்பைப் பிடித்தேன். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. மூன்று விரலை விட்டு இழுத்தேன். காற்று கதவை ஒரு தடவை தளர்த்திவிட்டு மறுபடி அடித்தது. நசுங்கியது அப்போது தெரியவில்லை. உள்ளே சோமு காலை இழுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தபடியே தோளால் முட்டித் தள்ளுகிறான், தகடு அதிர்கிறது. நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர் பலமும் சேர்ந்து அந்தக் கதவு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நான்தான் கனமான தகடாகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

உள்ளே தவழ்ந்து வந்தேன். நாயகி கடப்பாரையோடு அடுப்படியில் நின்றாள். எங்கே இடிக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

பூசிய இடம் இறுகியிருந்தது. என் கைவேலை, நன்றாகத்தான் இருந்தது. முதல் நாலைந்து அடிக்குப் பொறிதான் பறந்தது. அந்தப் பக்கம் பவளம் அம்மிக் குழவியால் இடிக்கத் தொடங்கினாள். நான் என்ன செய்தேன் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கை வழுக்கியது, அது ரத்தம். வாய்க்குள் சுண்ணாம்புத் தூசி. ஒரு செங்கல் போனது, அதன் வழியாக அந்தப் பக்கத்து மழை என் முகத்தில் அடித்தது. அவர்கள் வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு செங்கல் வரிசையாகப் போனது.

பவளம் முதலில் வரமாட்டேன் என்றாள், அவரை எடுங்க என்றாள். சோமுவின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தேன். மாவுக்கட்டு போட்ட கால் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அவன் அலறினான். நான் விடவில்லை. ஓரத்தை இன்னும் இரண்டு அடி அடித்து, கால் வந்தது, அவன் என் மேலேயே விழுந்தான். பவளம் அவன் பின்னாலேயே குனிந்து வந்தாள். அவள் புடவைத் தலைப்பு இந்தப் பக்கம் வருவதற்குள் உத்திரம் அந்தப் பக்கம் விழுந்தது.

நாலு பேரும் அடுப்படித் தரையில் கிடந்தோம். வெளியே கதவு சோமு வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதன் முனகல் மட்டும் கேட்டது. சோமு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினான். என்னைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னான்.

"கதவு நல்ல கதவுண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. எனக்குத்தான் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 30, சனி

ஆரோக்கியம் ஆட்களோடு வந்து கதவைக் கழற்றி வேப்பமரம் இருந்த இடத்தில் சாய்த்து வைத்திருக்கிறான். வேப்பமரம் இல்லை. சோமுவும் பவளமும் எங்கள் கூடத்தில் இருக்கிறார்கள். அவன் பாதியில் நாலு சுவரும் வானமும்தான் மிச்சம்.

பவளம் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பத்து வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவள் பேசியது கிடையாது. இன்றைக்குப் பேசினாள். "எங்க வாசலை மூடினது உங்க கதவுதானா மாமா?" என்று கேட்டாள். காற்றில் தாழ்ப்பாள் பிய்ந்துவிட்டது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னது பொய் இல்லை. காற்றில்தான் பிய்ந்தது.

டிசம்பர் 1, ஞாயிறு

தெரு முழுக்க வந்து கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தத் தெருவில் நெளியாத தகடு இது ஒன்றுதானாம். ஒருவர் இதே மாதிரி ஒன்று போட வேண்டும், படம் தருவீர்களா வாத்தியாரே என்றார். படத்தை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னேன். சொன்ன பிறகு உள்ளே போய் அதைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

நாயகி என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், கட்டு மாற்றுகிறாள், வெந்நீர் வைக்கிறாள். வார்த்தை மட்டும் இல்லை. சோமு என்னோடு பேசுகிறான். அண்ணே, அந்தச் சொம்பை எடு, அண்ணே, காலுக்குத் தலையணை வை என்று ஒன்றுமே நடக்காத மாதிரி பேசுகிறான். எது கஷ்டம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

டிசம்பர் 4, புதன்

மத்தியானம் சோமு தூங்கிக்கொண்டிருந்தான். பவளம் கிணற்றடியில் இருந்தாள். நாயகி என் விரல் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி, நானா அந்தக் காற்றை அடிக்கச் சொன்னேன், நானா வேண்டுமென்று அவன் வாசலை மூடினேன், கீலை வடக்கே வைத்தது வண்டிக்காக என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேனா இல்லையா என்றேன்.

அவள் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். முடிச்சுப் போட்டாள். பிறகு கேட்டாள்.

"சுவத்தை இடிக்கிறப்ப என்ன சொல்லிக்கிட்டே இடிச்சீங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

"சொன்னீங்க. ஒவ்வொரு அடிக்கும் சொன்னீங்க. 'வேணும்னுதான்டா வச்சேன், வேணும்னுதான்டா வச்சேன்'னு கத்திக்கிட்டேதான் இடிச்சீங்க. கடைசிச் செங்கல் விழற வரைக்கும் நிறுத்தல."

நான் கையை இழுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், கட்டு கலைந்துவிடுமே என்று.

அவனுக்குக் கேட்டிருக்குமா என்றேன்.

"சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருந்தான். கேக்காம?"

அப்படியென்றால் அவன் அதைக் கேட்டுவிட்டுத்தான் என் கையில் வந்து விழுந்திருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் கதவு நல்ல கதவு என்றான். கேட்டுவிட்டுத்தான் ஒரு வாரமாக அண்ணே அண்ணே என்று தண்ணீர் கேட்கிறான்.

இந்த நோட்டில் மூன்று வாரமாக எழுதுகிறேன். வண்டி என்று எழுதினேன், காக்கை என்று எழுதினேன், கால் தடுக்கும் என்று எழுதினேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். வேண்டுமென்றுதான் வைத்தேன்.

கூடத்தில் சோமு எழுந்துவிட்டான் போலிருக்கிறது. புரள முடியாமல் முனகுகிறான். போய் அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். தம்பி, நான் என்று தொடங்கினேன். அவன் கண்ணைத் திறக்காமலே என் கட்டுப்போட்ட கையைத் தடவிப் பார்த்து எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டான்.

"சும்மா இருண்ணே. அதெல்லாம் அன்னிக்கே சொல்லிட்டே."